மூன்று வேலைக்கு நடுவே இசை: 54 வயதில் எதை முதலில் உறுதி செய்வது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 54. ஒரு நூற்பாலையில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனாக 1999 மே முதல் 2021 ஆகஸ்ட் வரை வேலை பார்த்தார். ஆலை ஷிஃப்டைக் குறைத்தபோது கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தார். இப்போது மூன்று வேலை பார்க்கிறார். ஒரு பம்ப் கம்பெனியில் வாரம் நான்கு நாள், காலை எட்டரை முதல் ஒன்றரை வரை பிரஷர் கேஜ், ஃப்ளோ மீட்டர் சரிபார்க்கும் வேலை. மாதம் 14,500 ரூபாய். ‘கன்சல்டன்ட்’ என்று வவுச்சரில் எழுதி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருகிறார்கள். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் சவுண்ட் ஆபரேட்டர். மீதி நேரத்தில் வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபையர், மிக்சர் சர்வீஸ். மூன்றும் சேர்ந்து மாதம் 35,000 தேறும், ஆடியில் 22,000-க்கு இறங்கிவிடும். மனைவி தையல் வேலை செய்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே அவர் பரிசோதனை இசை செய்கிறார். ஆலையில் இருந்த கடைசி வருடங்களில் ரிங் ஃபிரேம், கார்டிங் இயந்திரங்களின் மேல் பியசோ மைக் (அதிர்வைப் பிடிக்கும் ஒட்டு மைக்) ஒட்டிப் பதிந்த ஒலிகளை, தானே செய்த ஆசிலேட்டர்களோடு (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவிகளோடு) சேர்த்து நீண்ட ஒலிக்கோவைகளாக்குகிறார். சென்னையிலும் பெங்களூரிலும் சிறு அரங்குகளில் வாசித்திருக்கிறார். போன வருடம் இசையில் வந்தது 23,000, போனது 1,10,000. பெர்லினில் ஒரு சிறிய கேசட் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்), 300 யூரோ தருகிறோம் என்று ஒப்பந்தம் அனுப்பி, இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பென்ஷனை இப்போதே வாங்கிக்கொள்ளலாமா? பி.எஃப். கணக்கில் இருக்கும் 9,40,000 ரூபாயில் 4,00,000 எடுத்து மாடுலர் சின்தசைசர் (தனித்தனிப் பாகங்களை இணைத்து ஒலி உருவாக்கும் மின்னணுக் கருவி) வாங்கலாமா? ஆலையில் பதிந்த ஒலி தனக்குச் சொந்தமா, ஆலைக்கா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

“உண்மையான இசைக்கலைஞனாக இருந்தால் இந்த வயதில் மூன்று இடத்தில் அலைய வேண்டியிருக்காது” என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். சட்டக் கேள்விகளுக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடும் யோசனையும் பி.எஃப். பணத்தை எடுக்கும் யோசனையும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன என்று எனக்குப் படுகிறது.

இந்த வகை இசையில் வேலை பார்த்துக்கொண்டே இயங்கியவர்கள் மிகப் பலர். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் 1930 வரை நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி நடத்தினார். இசை எழுதியது மாலைகளிலும் வார இறுதிகளிலும்தான். ஃபிலிப் கிளாஸ் பிளம்பர் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். 1976-ல் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் அவருடைய படைப்பு நிகழ்ந்த பிறகும் டாக்சி ஓட்டப் போனார். இசை மட்டுமே சோறு போட்டது அவருக்கு நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். நம் நாட்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் மூக் சின்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் தொடங்கியது. சில வருடங்களுக்குள் அது ஓய்ந்துபோனது. இப்படிப்பட்ட இசைக்கு மாதச் சம்பளம் தரும் ஏற்பாடு இங்கே நிலைத்ததில்லை. ஆகவே மூன்று வேலை பார்ப்பதில் உங்கள் தரப்பில் எந்தக் குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வேலையில் ஒன்றுகூட உங்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை. மூன்றும் அன்றாடக் காசு மட்டுமே தருகின்றன. ஒரு வேலையையாவது பென்ஷனும் மருத்துவமும் தரும் வேலையாக மாற்றுவதுதான் முதல் காரியம். அதற்குப் பொருத்தமானது நீங்கள் விட நினைக்கும் அந்த பம்ப் கம்பெனி வேலைதான்.

பென்ஷன்: இப்போதா, 58-லா?

பத்து வருடத்துக்கு மேல் பணி இருப்பதால், பி.எஃப்.போடு சேர்ந்து வரும் மாதப் பென்ஷன் உங்களுக்கு உறுதி. 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம் என்பதும் சரிதான். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் பென்ஷன் குறையும். அந்தக் குறைப்பு ஆயுள் முழுக்க இருக்கும். 58 ஆனதும் அது சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள், அப்படி ஆகாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணி வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய், அதற்குப் பிந்தைய பணிக்கு 15,000. முதல் பகுதி உங்களுக்கு 15 வருடம் 4 மாதம்: சுமார் 1,420 ரூபாய். இரண்டாவது பகுதி 7 வருடம்: 1,500 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 2,900. இப்போதே வாங்கினால் அது 2,500-க்கும் கீழே போகும். காத்திருந்து 58-ல் வாங்கினால், 20 வருடப் பணி நிறைந்திருப்பதால் கணக்கில் 2 வருடம் கூட்டித் தருவார்கள். எப்படிப் பார்த்தாலும் பம்ப் கம்பெனியின் 14,500-ஐ இது ஈடு செய்யாது. கடிதத்தில் ‘பென்ஷன் 7,000 வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்ன கணக்கோ தெரியவில்லை, அதை மறந்துவிடுங்கள்.

இன்னொரு பயமும் உங்களுக்குத் தேவையில்லை. பி.எஃப். பணத்தை எடுத்தால் பென்ஷன் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு. பத்து வருடம் கடந்தவர் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கவே முடியாது. 10டி படிவம் கொடுத்து மாதாமாதம்தான் வாங்க முடியும். அதற்காக பி.எஃப். பணத்தை எடுங்கள் என்று சொல்லவில்லை. அது உங்கள் முதுமைக்கு இருக்கும் ஒரே சேமிப்பு, 58 வரை வட்டியும் சேரும். வேலையை விட்ட பிறகு சேர்ந்த வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் ரிட்டர்ன் போடும்போது கவனியுங்கள்.

‘கன்சல்டன்ட்’ என்ற பெயர்

நேரத்துக்கு வரவேண்டும், கம்பெனியின் கருவியை வைத்து, கம்பெனி சூப்பர்வைசர் சொல்லும் வரிசையில், கம்பெனி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வேலை செய்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் நீங்கள் தொழிலாளி. வவுச்சரில் என்ன எழுதியிருந்தாலும், வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் 1956-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பகுதி நேரம் என்பதால் பி.எஃப்., இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது என்பது தவறான நினைப்பு. ஐம்பது தாண்டியவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தவறு.

ரோலில், அதாவது கம்பெனியின் பணியாளர் பட்டியலில் எடுத்தால் உங்கள் கையிலிருந்து போவது பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,740 ரூபாய். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 109 ரூபாய். இப்போது பிடிக்கும் 1,450 ரூபாய் டிடிஎஸ் நின்றுவிடும். ஆக, கைக்கு வருவதில் 400 ரூபாய்தான் குறையும். அதற்குக் கிடைப்பது என்ன என்று பாருங்கள். உங்கள் பி.எஃப். கணக்கில் கம்பெனியின் பங்கும் சேரும். 58 வரை பென்ஷன் பணி கூடும். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவருக்கு, சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கும் மனைவிக்கும் திருமணமாகாத மகளுக்கும் மருத்துவம் உண்டு. தனியார் காப்பீட்டில் உங்கள் சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். இஎஸ்ஐயில் அது கிடையாது. உயர் சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் சில மாதப் பங்களிப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஐந்து வருட இஎஸ்ஐ பணி இருந்து வயதால் ஓய்வு பெற்றால், வருடம் 120 ரூபாய் கட்டி நீங்களும் மனைவியும் மருத்துவத்தைத் தொடரலாம். ஆலையில் ஆரம்ப வருடங்களில் உங்களுக்கு இஎஸ்ஐ இருந்திருக்கும். அந்தப் பழைய அட்டையைத் தேடி எடுங்கள். புது எண் போட விடாமல் பழைய எண்ணிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பி.எஃப்.க்கும் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பி.எஃப். பங்கைக் குறைக்க, ‘பேசிக் 8,000, மீதி அலவன்ஸ்’ என்று சம்பளத்தைப் பிரித்துப் போடக் கம்பெனி கேட்கலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். பென்ஷன் சம்பளம் என்பது பங்களிப்புச் செலுத்திய கடைசி 60 மாதச் சராசரி. 14,500-க்கே பங்களிப்புப் போனால் 58-ல் பென்ஷன் 3,700-ஐ நெருங்கும், 2 வருடக் கூடுதல் தனி. 8,000-க்குப் போனால் சராசரி 9,400 அளவுக்கு விழுந்து, ஆலையில் சேர்த்த ஏழு வருடத்தின் மதிப்பையும் இழுத்துக்கொண்டு போகும். நான்கு வருடம் பணம் கட்டியும் பென்ஷன் அதே 2,900-ல்தான் நிற்கும். அப்படிப் பிரித்துத்தான் தருவோம் என்றால், ரோலில் சேர்வதன் லாபம் இஎஸ்ஐயோடு நின்றுவிடும் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். எச்.ஆர். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த மாதத்திலிருந்து வேலை, என்ன நேரம், என்ன வேலை, ரோலில் எடுத்து பி.எஃப்., இஎஸ்ஐ பதிவு செய்ய வேண்டுகிறேன் என்று. நகலில் ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்க உரிமை உண்டு, விசாரித்துப் பழைய பாக்கியையும் வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புகார் கொடுத்த பிறகு அந்த வேலையில் நீடிப்பது கஷ்டம். கோவையில் இந்த அனுபவத்துக்கு வேறு கம்பெனிகள் கிடைக்கும். மாற்று இடம் உறுதியான பிறகு புகாரைப் பற்றி யோசிப்பது நல்லது.

ரோலில் சேரும்போது உங்கள் இசைக்கு ஒரு பாதுகாப்பு தேவை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாகத் தொழிலாளி உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளி. கேஜ் சரிபார்ப்பவரின் இசை அதில் வராது. ஆனால் கம்பெனியின் வெள்ளிவிழா வீடியோவுக்கு ‘நம்ம ஆளுதானே’ என்று உங்களிடம் ஒலிக்கோவை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சம்பளத்துக்குள் வைத்துச் செய்யாதீர்கள். தனி பில், தனித் தொகை, ‘இந்த வீடியோவில் மட்டும் பயன்படுத்த அனுமதி’ என்ற ஒரு வரி. நியமனக் கடிதத்திலும் ‘பணிநேரத்துக்கு வெளியே செய்யும் இசை, ஒலிப்பதிவுகள் ஊழியருக்கே உரியவை’ என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. ‘டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், எனவே ரிட்டர்ன் வேண்டாம்’ என்று விட்டிருக்கிறீர்கள். வருடம் நான்கு லட்சம் அளவு வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை. ரிட்டர்ன் போடாததால் வருடத்துக்கு 17,400 ரூபாய் அரசிடம் கிடக்கிறது. கெடு தாண்டியிருந்தாலும் டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேளுங்கள். அதையும் விட்டுவிட்டால் பின்னால் போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. வருமான வரியின் 44ஏடிஏ பிரிவில் இசை வருமானத்தில் பாதியைக் காட்டினால் போதும் என்று நண்பர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பட்டியலில் இருப்பது சினிமாவில் பணிபுரியும் இசைக்கலைஞர்கள். நீங்கள் இசை வரவையும் செலவையும் பில்லோடு உள்ளபடியே எழுதுங்கள். சேவை வரவு எல்லாம் சேர்ந்து வருடம் 20 லட்சத்தைத் தொடாதவரை ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. வெளிநாட்டு நண்பர் சின்தசைசரை ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பும் யோசனை வேண்டாம். விலைக்கு வாங்கியதைப் பரிசு என்று காட்டுவது கஸ்டம்ஸில் பொய்யான அறிவிப்பு. பொருளையே இழக்க நேரும்.

கருவியைப் பற்றி நான் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் ஒன்று. பெர்லின்காரர்கள் உங்களைத் தேடி வந்தது ஆலை ஒலிகளுக்காக. மாடுலர் சின்தசைசர் அங்கே ஆயிரம் பேரிடம் இருக்கிறது. மண்டபத்தில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இசைக்கென்று தனிக் கணக்கில் போட்டு, அதற்குள் மட்டும் வாங்குங்கள்.

காதும் தூக்கமும்

இடது காதில் ஒரு வருடமாக ‘ஙொய்’ என்ற சத்தம் நிற்கவில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, வயதாகிறது என்று முடித்துவிட்டீர்கள். 22 வருடம் ஸ்பின்னிங்கில் இருந்தவர், இப்போது மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர், சர்க்கரையும் இருப்பவர் அப்படி முடிக்கக் கூடாது. இந்த மாதமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். மருத்துவர் வேலையோடு தொடர்புபடுத்தி எழுதிக்கொடுத்தால், அது சட்டப்படி தொழில்சார் நோய். ஆலையில் உங்கள் நிலையைப் பொறுத்து இஎஸ்ஐ வழியாகவோ தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் கீழோ கோரலாம். இழப்பீட்டு விதிகளில் கெடு இரண்டு வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு. ஆனால் ஆடியோகிராம் கையில் வந்த பிறகும் நாள் கடத்தினால் அந்தக் காரணம் பலமிழக்கும்.

உலக அளவில் பின்பற்றும் பாதுகாப்பு அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். செண்டை மேளமோ டிஜேவோ இருக்கும் ரிசப்ஷனில் அது முதல் பாட்டிலேயே தீர்ந்துவிடும். பஞ்சு வைத்துக்கொள்வது போதாது. எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டே மிக்ஸ் செய்யலாம்.

முந்தின இரவு ரிசப்ஷனையும் மறுநாள் அதிகாலை முகூர்த்தத்தையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். இடையில் மூன்று மணி நேரத் தூக்கம், எட்டரைக்கு பம்ப் கம்பெனி. இரண்டில் ஒன்றை விடுங்கள். அதிகாலையில் நாதஸ்வரத்துக்கும் மந்திரத்துக்கும் மைக் வைப்பது ரிசப்ஷனை விடக் காதுக்கு எளிது, எனவே விட வேண்டியது ரிசப்ஷன். முகூர்த்தம் குறைந்த ஆடி, புரட்டாசி, மார்கழியை வருமானம் இல்லாத மாதம் என்று வருந்துகிறீர்கள். மற்ற ஒன்பது மாத மண்டப வரவிலிருந்து மாதம் 4,000 ஒதுக்கி வைத்தால், அந்த மூன்று மாதத்துக்கும் 12,000 வீதம் கையில் இருக்கும். பதிவு, எடிட்டிங், பயணம் எல்லாவற்றையும் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரில் வேண்டாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போனால் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கும்.

ஆலையில் பதிந்த ஒலி யாருடையது?

ஒரு ரிங் ஃபிரேமின் சத்தத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அது யாருடைய படைப்பும் அல்ல. ஆனால் அந்தச் சத்தத்தைப் பதிந்த ஒலிப்பதிவுக்கு உண்டு. எதில் பதிந்திருந்தாலும், ஒலிகளின் பதிவு என்றால் சட்டத்துக்குப் போதும். அது ‘இசை’யாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ‘வெறும் இரைச்சலுக்கு உரிமை ஏது’ என்று உங்களைக் குழப்பியவருக்கு இதுவே பதில். பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர்தான் தயாரிப்பாளர், அவரே முதல் உரிமையாளர். உங்கள் மைக், உங்கள் ரெக்கார்டர், உங்கள் யோசனை. பதிவு செய்வது உங்கள் வேலையின் பகுதியும் அல்ல. எனவே உரிமை உங்களுடையது, வெளியானதிலிருந்து 60 வருடம். செல்போன், ரெக்கார்டர் கொண்டுவரக் கூடாது என்று ஆலை விதி இருந்திருந்தால், அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம். உரிமையை மாற்றாது. ஆலையின் பெயரையும் லோகோவையும் கேசட் உறையில் போடாதீர்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை வரும் என்பதில்லை. இருந்தாலும் தகராறு வரும்போது சான்றாக உதவும். ஒலிப்பதிவுக்குக் கட்டணம் 2,000 ரூபாய். அதைவிட அவசரம், மூலக் கோப்புகளைத் தேதி மாறாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது.

எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, நீண்ட கோவையின் ஏழாவது நிமிடத்தில் ஷெட் ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது என்கிறீர்கள். மங்கலாகக் கேட்டாலும் அடையாளம் தெரிகிற பாட்டு என்றால் அந்தப் பதிவின் உரிமையாளர் கேள்வி கேட்கலாம். இணையத்தில் ஏற்றியதும் இயந்திரமே கண்டுபிடித்துவிடும். அந்த இடத்தை வெட்டுங்கள், அல்லது பாட்டு இல்லாத வேறு நேரத்துப் பதிவால் மூடுங்கள்.

இரண்டாவது, இரவு ஷிஃப்டில் உங்கள் செக்‌ஷன் அம்மா ஒருவர் பாடிய தாலாட்டு. தாலாட்டு யாருக்கும் சொந்தமில்லாத பழம்பாடலாக இருக்கலாம். அவர் பாடியது அவருடைய நிகழ்த்துதல். மேடை ஏறியவர்தான் கலைஞர் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் அனுமதியில்லாமல் அதை வெளியிடவோ விற்கவோ முடியாது. நேரில் போய்ப் பார்த்து, கோவையைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள்: எந்தப் பதிவு, எங்கே வெளியாகிறது, அவர் பெயர் போடலாமா வேண்டாமா, எவ்வளவு தொகை, பின்னால் வரும் வருமானத்தில் என்ன பங்கு. வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் குரலை எடுத்துவிட வேண்டியதுதான். கோவையின் உயிரே அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பங்கும் அதற்கேற்ற அளவில் இருக்கட்டும்.

பெர்லின் ஒப்பந்தம்

நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாவது பத்தி, ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், எல்லா உரிமைகளும்’ என்கிறது. சிறிய லேபிள்கள் கெட்ட எண்ணத்தோடு இப்படி எழுதுவதில்லை. பெரிய கம்பெனிகளின் மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களைக் கட்டுப்படுத்தப் போவது எழுத்துதான்.

நம் சட்டத்தில் உங்களைக் காக்கும் சில ஏற்பாடுகள் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசைப்படைப்பின் ஆசிரியர், ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் உங்கள் ஒப்பந்தம் காலத்தையும் எல்லையையும் சொல்லிவிடுகிறது, ஜெர்மன் சட்டம்தான் பொருந்தும் என்றும் சொல்கிறது. ஜெர்மன் சட்டத்தில் ஆசிரியரின் பதிப்புரிமையை விற்கவே முடியாது, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தர முடியும் என்பது அவர்களிடம் பேசும்போது உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் 300 யூரோவுக்காக பெர்லின் நீதிமன்றத்துக்கு யாரும் போகப் போவதில்லை. ஆகவே இப்போதே திருத்துவதுதான் ஒரே வழி. இப்படிக் கேளுங்கள்:

1. விற்பனை வேண்டாம், உரிமம் போதும். இந்த ஒரு கேசட், அதன் டிஜிட்டல் வடிவம், 3 வருடம். முடிந்ததும் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு), இசைப்படைப்பு இரண்டும் உங்களுடையவை என்று தனித்தனியாக எழுத வேண்டும்.
2. எத்தனை பிரதி என்ற எண்ணிக்கை. அதில் 10 சதவீதப் பிரதிகள் உங்களுக்கு இலவசம்.
3. 300 யூரோ முன்பணம். தயாரிப்புச் செலவு கழிந்த பிறகு சரிபாதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. செலவு என்றால் எது எது என்ற பட்டியல்.
4. சினிமா, விளம்பரம், வேறு லேபிள், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம்.

ஐந்தாவது பத்தியில், மூன்றாம் நபர் வழக்குத் தொடுத்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று இருக்கிறது. ரேடியோ பாட்டையும் தாலாட்டையும் சரிசெய்யாமல் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சரிசெய்த பிறகும், பொறுப்பு நீங்கள் வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் படைப்பை, ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் போன்ற உரிமைச் சங்கத்தில் பதியும் எண்ணம் இருந்தால் இதே நேரத்தில் முடிவு செய்யுங்கள். அங்கே ஒப்படைத்த உரிமையை லேபிளுக்கும் தந்தால் முரண்படும். வானொலியிலும் டிவியிலும் உங்கள் இசை ஒலிக்காதவரை இதில் பெரிய வரவும் இருக்காது. அவசரப்பட வேண்டியதில்லை.

அவர்கள் மறுத்தால் விட்டுவிடுங்கள். நீங்களே பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக்கடையில் விற்றால் டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், கூடவே பணப் பரிமாற்றக் கட்டணம். மீதி உங்களுக்கு. பேபால் வழியாக வரும்போது பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் சரியான பர்ப்பஸ் கோடு கொடுத்து, வங்கிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 300 யூரோவைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே தேற்றிவிடலாம். அந்த ரிங் ஃபிரேம்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்கிறீர்கள், மறுபடி பதிய முடியாத ஒலிகளை என்றென்றைக்கும் எழுதிக் கொடுக்க இந்தத் தொகை போதாது.

திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் தர இரண்டு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். தாலாட்டுப் பாடிய அம்மாவின் சம்மதம் வாங்க அந்த அவகாசம் வேண்டியிருக்கும். அவர்கள் திருப்பி அனுப்பும் வடிவத்தைக் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.